நம்ம கான்ஃபரன்ஸ் இந்த வருஷம் டம்மியா இல்லையானு சண்டை போடறது எப்படி

நான் இருக்கறது வட கரோலினால, ராலே பக்கம். டியூக், நார்த் கரோலினா, என்சி ஸ்டேட்னு மூணு காலேஜும் வீட்ல இருந்து கார் எடுத்தா கொஞ்ச நேரத்துல போயிடற தூரம். வந்த புதுசுல எனக்கு காலேஜ் பாஸ்கெட்பால்னா என்னனே தெரியாது, நமக்கு தெரிஞ்சதெல்லாம் கிரிக்கெட்டும் பக்கத்து வீட்டு பையன் விளையாடற கேரமும் தான். ஆனா ஆஃபீஸ் பேன்ட்ரில ஜனவரி வந்தா ஒரே பேச்சு, "ஏசிசி இந்த வருஷம் டவுன்", "இல்ல இல்ல, மீடியா தான் அப்படி கெளப்பி விடுது". ஏசிசிங்கறது இந்த மூணு காலேஜும் ஆடற கான்ஃபரன்ஸ், அதாவது லீக். சும்மா தலையாட்டிட்டு காபி எடுத்துட்டு வந்துட்டு இருந்தவன் ஒரு நாள் வாயைக் குடுத்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் தான் உக்காந்து கத்துக்கிட்டேன். அங்க அடி வாங்கினதோட பலன் தான் இது, உங்களுக்கும் அமெரிக்கால ஆஃபீஸ்லயோ டார்ம்லயோ இந்த சண்டைல மாட்டற வாய்ப்பு இருந்தா படிச்சு வைங்க.

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டே வரி. டிவிஷன் ஒன்னுனு சொல்ற மேல் மட்டத்துல 360-க்கு மேல காலேஜ் டீம் இருக்கு, அதெல்லாம் முப்பதுக்கு மேல கான்ஃபரன்ஸா பிரிஞ்சு கெடக்கு, ஏசிசி, எஸ்இசி, பிக் டென், பிக் 12, பிக் ஈஸ்ட் இதெல்லாம் பெரிய தலைங்க. நவம்பர், டிசம்பர்ல வெளி டீமோட ஆடுவாங்க, ஜனவரி, ஃபெப்ரவரில பெரும்பாலும் தங்களுக்குள்ளயே ஆடிக்குவாங்க, மார்ச்ல 68 டீம் போற என்சிஏஏ டோர்னமென்ட். ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் சீசன் கடைசில நடத்தற சொந்த டோர்னமென்ட்ல ஜெயிக்கற டீமுக்கு ஒரு எடம் நேரா கெடைக்கும், மிச்சத்தை ஒரு கமிட்டி உக்காந்து குடுக்கும். அந்த எடத்துக்கு இங்க 'பிட்'னு பேரு, நம்ம ஊரு பரீட்சை ஹால்ல அடிக்கற பிட் இல்லங்க. எந்த கான்ஃபரன்ஸுக்கு எத்தனை பிட்டுங்கறதுல தான் இந்த சண்டை முக்காவாசி ஆரம்பிக்கும்.

சண்டைல எறங்கறதுக்கு முன்னாடி எதிராளி கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வீக்னு எதை சொல்ற?" இதை கேக்காம எறங்கினா ஒரு மணி நேரம் கத்திட்டு கடைசில ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தை பத்தி பேசிட்டு இருந்தது தெரியும். நம்ம ஊர்ல ஒரு ஸ்கூல் நல்ல ஸ்கூலானு பேசற மாதிரி தான் இது. ஒரு பையன் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்துட்டான்னு வாசல்ல பேனர் கட்டுவாங்க, ஆனா மிச்ச பசங்க பாதி பேர் ஃபெயில்னா அது நல்ல ஸ்கூலா? இன்னொரு ஸ்கூல்ல ஸ்டேட் ரேங்க் ஒருத்தரும் இல்ல, ஆனா நூத்துக்கு நூறு பாஸ். எது பெட்டர்? ரெண்டுக்கும் பதில் சொல்லலாம், ஆனா எந்த அளவுகோல்னு மொதல்ல சொல்லிட்டு பேசணும்.

இதுக்கு 2024-25 ஏசிசி மாதிரி அச்சு அசலான உதாரணம் கெடைக்காது. டியூக் அந்த வருஷம் கூப்பர் ஃப்ளாக்ங்கற ஸ்டார் ப்ளேயரை வெச்சு கான்ஃபரன்ஸ்ல 19-1, அதாவது 19 வெற்றி, 1 தோல்வி, நாட்டுலயே முதல் ரெண்டு மூணு டீம்ல ஒன்னு, மார்ச்ல கடைசி நாலு டீம் நிக்கற ஃபைனல் ஃபோர் வரைக்கும் போச்சு. அதாவது ஸ்டேட் ஃபர்ஸ்ட் பையன் இருக்கான். ஆனா 18 டீம் இருந்த கான்ஃபரன்ஸ்ல இருந்து மார்ச்சுக்கு போனது 4. டியூக், லூயிவில், கிளெம்சன், நார்த் கரோலினா, அதுலயும் கடைசியா சொன்னது ஒட்டிக்கிட்டு உள்ள போனது. அடியில மயாமி 3-17. ஆக "டியூக் இருக்குல்ல, எப்படி வீக்குங்கற?"னு யாராவது கேட்டா அவரு பேனரை காட்டறாரு, பாஸ் பர்சன்டேஜை மறைக்கறாருனு அர்த்தம். இதே ட்ரிக்கை தலைகீழாவும் பண்ணுவாங்க, அடியில ரெண்டு சொத்தை டீமை காட்டி மொத்த கான்ஃபரன்ஸும் சொத்தைனு. அதனால நான் எப்பவும் நடுவுல இருக்கற டீமை தான் பாப்பேன். 18 டீம்ல 9-வதும் 10-வதும் வெளில போயி யாரை ஜெயிச்சுருக்கு, அது போதும்.

இன்னொரு கேள்வியும் மொதல்லயே தீத்துக்கணும். யாரோட ஒப்பிட்டு வீக்? மத்த கான்ஃபரன்ஸோடயா, இல்ல தன்னோட பழைய பெருமையோடயா? ஏசிசி விஷயத்துல பெரும்பாலான புலம்பல் ரெண்டாவது தான். அப்போ ரெண்டு தாத்தாங்க பழைய கதை பேசற மாதிரி ஆயிடும், அதை சண்டையா எடுத்துக்காதீங்க, கேட்டுட்டு போயிடுங்க.

சரி, இப்ப தான் விஷயத்துக்கே வர்றேன். இதுல ஒன்னே ஒன்னு மட்டும் தான் ஞாபகம் வெச்சுக்க போறீங்கன்னா இதை வெச்சுக்கங்க: ஒரு கான்ஃபரன்ஸ் வீக்கா இல்லையானு சொல்ற ஆதாரம் ஏறக்குறைய எல்லாமே டிசம்பர் கடைசிக்குள்ள வந்து முடிஞ்சுடும். ஏன்னா ஜனவரில இருந்து நடக்கறது குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டறது. கணக்கு போட்டு பாருங்க, 2024-25 ஏசிசில 18 டீம், ஆளுக்கு 20 கான்ஃபரன்ஸ் மேட்ச், மொத்தம் 180 மேட்ச். 180 வெற்றி, 180 தோல்வி. கான்ஃபரன்ஸ் சூப்பரா இருந்தாலும் அதே 180, படுமொக்கையா இருந்தாலும் அதே 180. உள்ளுக்குள்ள யார் யாரை அடிச்சாலும் மொத்த கணக்கு மாறவே மாறாது. அதனால "பாத்தியா நேத்து கடைசி எடத்துல இருக்கறவன் முதல் எடத்துல இருக்கறவனை அடிச்சுட்டான், எவ்ளோ டஃப்பான லீக்"னு ஒருத்தர் சொன்னா, அதே மேட்சை வெச்சு "முதல் எடத்துல இருக்கறவனே இவ்ளோ மட்டம்"னு நீங்க சொல்லலாம். ரெண்டுக்கும் ஆதாரம் ஒரே ஸ்கோர் தான். அந்த மேட்சால இந்த சண்டை ஒரு இன்ச் நகராது.

அதனால நீங்க பண்ண வேண்டியது, நவம்பர் டிசம்பர் ரிசல்ட்டை எடுத்து வெச்சு உக்காருங்க. ஆனா மொத்த வெற்றி தோல்வி கணக்கை அப்படியே எடுத்து வீசாதீங்க, அதுல பாதி உமி. பெரிய காலேஜ்கள் சின்ன காலேஜுக்கு காசு குடுத்து தங்க ஊருக்கு வரவெச்சு அடிச்சு அனுப்புவாங்க, 'பை கேம்'னு சொல்லுவாங்க, சின்னவங்களுக்கு அந்த காசுல தான் வருஷ பட்ஜெட் ஓடும், பெரியவங்களுக்கு ஒரு வெற்றி. இதுல ஜெயிச்சது எதையும் நிரூபிக்காது, தோத்தா மட்டும் தான் நியூஸ். அதெல்லாம் பொடைச்சு தள்ளிட்டு மிச்சம் இருக்கறதை பாருங்க. பெரிய கான்ஃபரன்ஸ் டீமோட ஆடினது எத்தனை, அதுல வெளியூர்ல போய் ஆடினது எத்தனை, பொது எடத்துல ஆடினது எத்தனை. வீட்டு கிரவுண்டுங்கறது காலேஜ் பாஸ்கெட்பால்ல சராசரியா ஒரு 3 பாயிண்ட் பக்கத்துல உதவி பண்ணும், அதனால சொந்த ஊர்ல 2 பாயிண்ட்ல ஜெயிச்சதும் வெளியூர்ல 2 பாயிண்ட்ல தோத்ததும் கிட்டத்தட்ட ஒரே ஆட்டம் தான்னு எடுத்துக்கலாம்.

இதுல தங்கம் மாதிரி கெடைக்கறது ரெண்டு கான்ஃபரன்ஸும் நேருக்கு நேர் மோதற சேலஞ்ச். ஏசிசியும் எஸ்இசியும் 2023-ல ஆரம்பிச்சாங்க, மொத வருஷம் 7-7 சமம். அடுத்த வருஷம், 2024 டிசம்பர் மொத வாரம், எஸ்இசி 14, ஏசிசி 2. ரெண்டே ரெண்டு. டியூக் ஆபர்னை 84-78-ல அடிச்சது, கிளெம்சன் கென்டக்கியை 70-66-ல அடிச்சது, மிச்ச எல்லாரும் காலி. அன்னைக்கு தான் நான் பேன்ட்ரில வாயை தொறந்தேன், "ஒரு வாரம் தானே, வெறும் 16 மேட்ச், இதை வெச்சு என்ன சொல்ல முடியும்"னு. எதிர்ல இருந்தவர் பொறுமையா கேட்டாரு, "சரி, ஒரு வாரம் வேணாம், ரெண்டு மாசம் எடுத்துக்க, எஸ்இசி வெளி டீமோட ஆடின மொத்த கணக்கு பாரு". சீசன் முடிவுல அது 185-23. அதுல பை கேமை எல்லாம் பொடைச்சு எடுத்தாலும் தாங்கும். என்கிட்ட பதில் இல்ல. காபி ஆறிடுச்சு.

ஆனா அவரோட வாதத்துலயும் ஒரு ஓட்டை இருந்துச்சு, அது எனக்கு அப்ப தெரியல, உங்களுக்கு சொல்லித் தர்றேன். டிசம்பர் ஆதாரம் மட்டும் தான் ஆதாரம்னா, டிசம்பருக்கு அப்புறம் ஒரு டீம் தேறினா அதை எதை வெச்சு அளக்கறது? லூயிவில்லை பாருங்க. புது கோச், டீம்ல பாதிக்கு மேல புது ஆளுங்க, நவம்பர்ல பஹாமாஸ்ல நடந்த டோர்னமென்ட் ஃபைனல் வரைக்கும் போயி ஓக்லஹோமா கிட்ட தோத்தாங்க, அதே மேட்ச்ல ஒரு முக்கியமான ஆளுக்கு முட்டி போயி சீசனே முடிஞ்சுது. டிசம்பர் பாதி வரைக்கும் சுமார் தான். அப்புறம் கான்ஃபரன்ஸ்ல 18-2. இந்த 18-2 அவங்க நெஜமாவே தேறினதா, இல்ல சுத்தி இருந்தவங்க மட்டமா இருந்ததா? குண்டுச்சட்டிக்குள்ள இருந்து பாத்தா கண்டுபிடிக்க வழியே இல்ல. இப்ப பசங்க வருஷா வருஷம் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல டீம் மாறிட்டே இருக்காங்க, 2021-ல இருந்து ஒரு வருஷம் வெளில உக்காரணுங்கற ரூலும் மொத தடவை மாறறவங்களுக்கு போயிடுச்சு, அதனால நவம்பர்ல ஒரு டீம்ங்கறது பேருக்கு தான் டீம், இன்னும் ஒருத்தர் பேரு ஒருத்தருக்கு சரியா தெரியாது. நீங்க கான்ஃபரன்ஸுக்கு வக்காலத்து வாங்கற பக்கம் இருந்தா இது தான் உங்க கையில இருக்கற நல்ல வாதம், இதை விட்டுட்டு டியூக் டியூக்னு கத்தாதீங்க. எதிர்பக்கம் இருந்தா அதுக்கு பதில் இது: புது ஆளுங்க எஸ்இசிக்கும் தானே வந்தாங்க?

அடுத்தது ரேங்கிங். கண்டிப்பா யாராவது போனை எடுத்து 'நெட்' ரேங்கிங்கை காட்டுவாங்க. இது 2018-19 சீசன்ல இருந்து என்சிஏஏவே வெச்சிருக்கறது, அதுக்கு முன்னாடி 1981-ல இருந்து ஆர்பிஐ இருந்துச்சு. ஆர்பிஐ கணக்கு கேட்டா சிரிப்பீங்க, 25 சதவீதம் உன் வெற்றி, 50 சதவீதம் உன் எதிராளிங்க வெற்றி, 25 சதவீதம் எதிராளியோட எதிராளிங்க வெற்றி. அதாவது நீ எப்படி ஆடினேங்கறதை விட யாரோட சகவாசம் வெச்சிருக்கேங்கறதுக்கு மூணு மடங்கு மார்க், ஸ்கோர் வித்தியாசம் கணக்குலயே கெடையாது. நெட் அதை விட எவ்வளவோ தேவலாம், அடிச்ச பாயிண்டையும் விட்ட பாயிண்டையும் பொசெஷன் கணக்குல (பந்து ஒரு டீம் கைக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரு பொசெஷன்) எதிராளியோட தரத்துக்கு ஏத்த மாதிரி சரி பண்ணி பாக்குது. கென்பாம்னு ஒன்னு இருக்கு, கென் பாமராய்னு ஒருத்தர் நடத்தறது, அதுவும் இதே ஜாதி தான், 100 பொசெஷனுக்கு எத்தனை பாயிண்ட் வித்தியாசம்னு சொல்லும். எனக்கு கென்பாம் தான் பிடிக்கும், ஏன்னா கான்ஃபரன்ஸை அவரு அளக்கற விதம் நல்லா இருக்கு. அந்த லீக்ல எல்லாரோடயும் ஆடினா சரி பாதி ஜெயிக்கற டீம் ஒன்னு இருந்தா அது எவ்ளோ நல்ல டீமா இருக்கணும், அது தான் கான்ஃபரன்ஸோட மார்க். நான் மேல சொன்ன நடு டீம் கதையே தான்.

ரேங்கிங்கை விட அதை வெச்சு பண்ற 'குவாட்' கணக்குல தான் ஆட்டமே இருக்கு, இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. ஒவ்வொரு மேட்சையும் எதிராளி ரேங்க், ஆடின எடம் ரெண்டையும் பாத்து நாலு டப்பால போடுவாங்க. குவாட் ஒன்னுனா சொந்த ஊர்ல முதல் 30 ரேங்க் டீமோட, பொது எடத்துல முதல் 50, வெளியூர்ல முதல் 75. இந்த டப்பால ஜெயிச்சா கமிட்டி கண்ணுல பெரிய மதிப்பு, தோத்தா பெருசா நஷ்டம் இல்ல. இப்ப பாருங்க, டிசம்பர்ல ஒரு கான்ஃபரன்ஸ் மொத்தமா நல்லா ஆடிருச்சுனா அதுல இருக்கற எல்லா டீம் ரேங்க்கும் மேல ஏறி உக்காந்துடும், அப்புறம் ஜனவரில தங்களுக்குள்ள ஆடற மேட்ச் எல்லாம் குவாட் ஒன்னா மாறிடும், தோத்தாலும் கௌரவமான தோல்வி, ஜெயிச்சா ஜாக்பாட். டிசம்பர்ல சொதப்பின கான்ஃபரன்ஸுக்கு இதுவே தலைகீழ், ஜெயிச்சா "யாரை ஜெயிச்ச", தோத்தா "இவங்க கிட்டயா தோத்த". பணக்காரன் வீட்டு கல்யாணத்துல மொய் மாதிரி, அங்கயே சுத்திட்டு இருக்கும்.

2025 செலக்‌ஷன் சண்டே, அதாவது கமிட்டி 68 டீமையும் அறிவிக்கற அன்னைக்கு, இது அப்படியே நடந்துச்சு. எஸ்இசில 16 டீம்ல 14 உள்ள போச்சு, ரெக்கார்டு. அதுக்கு முன்னாடி பெரிய நம்பர் 2011-ல பிக் ஈஸ்டோட 11. அந்த 14-ல டெக்சஸும் ஓக்லஹோமாவும் கான்ஃபரன்ஸ்ல 6-12. ஆறு ஜெயிச்சு பன்னெண்டு தோத்த டீம் உள்ள. இந்த பக்கம் ஏசிசில வேக் ஃபாரஸ்ட் 13-7, எஸ்எம்யூ 13-7, ரெண்டும் வெளில. அநியாயம்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா ஓக்லஹோமா வெளி டீமோட 13-0, லூயிவில்லை அடிச்சது அதுல தான். அவங்க டிசம்பர்ல சம்பாதிச்சு வெச்சதை ஃபெப்ரவரில உக்காந்து தின்னாங்க, அது தப்புனு சொல்ல முடியாது. டெக்சஸ் விஷயம் தான் எனக்கு இன்னும் செரிக்கல.

நார்த் கரோலினா கதை இன்னும் தமாஷ். 13 குவாட் ஒன் மேட்ச்ல ஒன்னே ஒன்னு ஜெயிச்சிருந்தாங்க, டிசம்பர்ல நியூயார்க்ல யுசிஎல்ஏவை. 1-12. ஆனாலும் உள்ள எடுத்துட்டாங்க, அன்னைக்கு கமிட்டிக்கு சேர்மனா இருந்தது அதே நார்த் கரோலினாவோட அத்லெடிக் டைரக்டர், சொந்த காலேஜ் பேச்சு வந்தப்ப ரூல் படி எழுந்து வெளில போயிட்டாருனு சொன்னாங்க, ஆனா யாரு நம்புவா. ஆறு குவாட் ஒன் வெற்றி வெச்சிருந்த வெஸ்ட் வர்ஜீனியா வெளில நின்னுச்சு, அந்த மாநில கவர்னரே பிரஸ் மீட் வெச்சு பொங்கினாரு. எங்க ஊர்ல அன்னைக்கு நார்த் கரோலினா சட்டை போட்டவங்க எல்லாம் கொஞ்சம் அமைதியா தான் இருந்தாங்க.

பிட் எண்ணிக்கையை வெச்சு பேசும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. எண்ணிக்கையை சொல்லாதீங்க, விகிதத்தை சொல்லுங்க. 18-ல 4-ங்கறதும் 11-ல 4-ங்கறதும் ஒன்னில்ல. இப்ப கான்ஃபரன்ஸ் எல்லாம் ரியல் எஸ்டேட் மாதிரி வீங்கிட்டே போகுது, கடலே இல்லாத டல்லாஸ்ல இருக்கற எஸ்எம்யூவும், பசிஃபிக் கரைல இருக்கற ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல இருக்கு, பேரை கேட்டா பூகோள வாத்தியார் அழுவாரு. டீம் ஜாஸ்தி ஆனா பிட்டும் ஜாஸ்தி ஆகணும். ஆகலனா அது தான் செய்தி.

இப்ப மார்ச். இங்க தான் எல்லாரும் வழுக்கி விழற எடம். ஏப்ரல் மொத வாரம் ஒருத்தர் வந்து நிப்பாரு, "பாத்தியா, வீக்குனு சொன்னீங்களே, ஃபைனல் ஃபோர்ல எங்க ஆளு நிக்கறான்". ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நம்மாளுங்க சொல்லுவாங்க, அது சரி தான், ஏன்னா ஒரே பானை, ஒரே தண்ணி, ஒரே தீ. கான்ஃபரன்ஸ்ங்கறது ஒரே பானை இல்ல. 18 வீட்டு அடுப்புல 18 பானை. ஒரு வீட்டு சோறு வெந்திருக்குங்கறதை வெச்சு பக்கத்து வீட்டுல சாப்பாடு ரெடினு சொல்ல முடியாது. அதுவும் தோத்தா வீட்டுக்குனு நடக்கற ஒத்தை மேட்ச் டோர்னமென்ட்ல, 40 நிமிஷத்துல, ஒரு பையன் மூணு பாயிண்ட் ஷாட் நாலு எக்ஸ்ட்ரா போட்டா முடிஞ்சுது.

உதாரணத்துக்கு பஞ்சமே இல்ல. 2021-ல பிக் டென் தான் நாட்டுலயே பெரிய லீக்குனு எல்லாரும் சத்தியம் பண்ணாங்க, 9 டீம் உள்ள போச்சு, கடைசி 16-க்கு வந்தது மிச்சிகன் மட்டும். முதல் சீட் (சீட்னா டோர்னமென்ட்ல கமிட்டி குடுக்கற தர வரிசை நம்பர், 1 தான் ஒசத்தி) இல்லினாய் லயோலா சிகாகோ கிட்ட காலி, ரெண்டாம் சீட் ஒஹையோ ஸ்டேட் ஓரல் ராபர்ட்ஸ்னு பாதி பேருக்கு பேரே தெரியாத காலேஜ் கிட்ட காலி. அதே வருஷம் வீக்குனு ஒதுக்கின பாக் 12-ங்கற கான்ஃபரன்ஸ்ல இருந்து நாலு டீம் கடைசி 16-ல, யுசிஎல்ஏ முதல் சுத்துக்கும் முன்னாடி நடக்கற தகுதி ஆட்டத்துல ஆரம்பிச்சு ஃபைனல் ஃபோர் வரைக்கும் போச்சு, 12-ம் சீட் ஒரேகன் ஸ்டேட் கடைசி 8 வரைக்கும். அப்ப பிக் டென் டம்மியா? நான் அப்படி சொல்ல மாட்டேன். அந்த வருஷம் கொரோனா, நவம்பர் டிசம்பர் மேட்ச் நெறைய கேன்சல், மொத்த ரேங்கிங்கும் கொஞ்சூண்டு வெளி மேட்சை வெச்சு கட்டின கோட்டை. ஆதாரம் கம்மியா இருந்துச்சு, எல்லாரும் நிச்சயமா பேசினாங்க, அவ்ளோ தான். வெளி மேட்ச் தான் எல்லாம்னு நான் மேல சொன்னதுக்கு இதை விட நல்ல சாட்சி கெடைக்காது.

2022-ல ஏசிசிக்கும் இதே மாதிரி நடந்துச்சு. சீசன் முழுக்க டவுன் டவுன்னு பேச்சு, போனது 5 டீம். அதுல டியூக்கும் நார்த் கரோலினாவும் ஃபைனல் ஃபோர், மயாமி கடைசி 8, மொத்தம் 14 வெற்றி 5 தோல்வி. நார்த் கரோலினா 8-ம் சீட், ஃபைனல்ல ஹாஃப் டைம்ல கன்சஸை விட 15 பாயிண்ட் முன்னாடி இருந்துட்டு 72-69-ல தோத்துச்சு, எங்க ஊர்ல அன்னைக்கு ராத்திரி சில வீட்ல சாப்பாடே எறங்கல. 2024-ல என்சி ஸ்டேட், கான்ஃபரன்ஸ்ல 10-வது எடம், கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட்ல அஞ்சு நாள்ல அஞ்சு மேட்ச் ஜெயிச்சு கப் அடிச்சு உள்ள போயி அங்கயும் ஃபைனல் ஃபோர் வரைக்கும். அப்ப ஏசிசி ரசிகர்கள் மூணு வருஷமா இதை சொல்லிட்டே இருந்தாங்க, "மார்ச்ல பாத்துக்கலாம்". 2025 மார்ச்ல என்னாச்சு? லூயிவில் முதல் மேட்ச்லயே அவுட், கிளெம்சன் 12-ம் சீட் மெக்னீஸ் கிட்ட 69-67, நார்த் கரோலினா தகுதி ஆட்டத்துல ஜெயிச்சு அடுத்ததுல அவுட், டியூக் மட்டும் ஃபைனல் ஃபோர் வரைக்கும். எஸ்இசி ஏழு டீமை கடைசி 16-க்கு அனுப்பி, ஃப்ளோரிடா கப்பும் அடிச்சது. அதாவது மார்ச்சை நீ ஆதாரமா எடுத்தா அது ஒரு நாள் உன் மேலயே விழும்.

நியாயமா மார்ச்சை பயன்படுத்தணும்னா ஒரு வழி இருக்கு. எத்தனை பேர் எவ்ளோ தூரம் போனாங்கனு பாக்காதீங்க, ஒவ்வொரு டீமும் அதோட சீட்டுக்கு எதிர்பாக்கற அளவுக்கு மேலயா கீழயானு பாருங்க, அதுவும் ஒரு வருஷம் இல்ல, நாலஞ்சு வருஷம் சேத்து. 2024 பிக் ஈஸ்ட் இதுக்கு நல்ல கேஸ். கமிட்டி வெறும் 3 டீம் எடுத்துச்சு, கனெக்டிகட், மார்க்கெட், கிரெய்ட்டன், மூணுமே கடைசி 16, கனெக்டிகட் கப்பு, கான்ஃபரன்ஸ்ல 13-7 வெச்சும் வெளில நிறுத்தின சீட்டன் ஹால் என்ஐடினு சொல்ற ரெண்டாம் கட்ட டோர்னமென்ட்டை ஜெயிச்சது. இங்க நான் பிக் ஈஸ்ட் ஆளுங்க பக்கம், மூணும் ஒன்னா போச்சு, நாலாவதும் நிரூபிச்சுடுச்சு, பானை பானையா வெந்திருக்கு. இன்னொரு பக்கம் 2018 பாக் 12, 3 டீம் போயி மூணும் ஒரு வெற்றி கூட இல்லாம திரும்புச்சு, அரிசோனா பஃபலோ கிட்ட 21 பாயிண்ட்ல தோத்துச்சு. அதுக்கும் முன்னாடி 2012-ல இதே பாக் 12-ல கான்ஃபரன்ஸ்ல முதல் எடம் பிடிச்ச வாஷிங்டனையே கமிட்டி எடுக்கல. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைனு கமிட்டி வாயால சொல்லாம சொன்னது அது.

ஏன் வீக்குங்கற கேள்விக்கு போறவங்க கொஞ்சம் ஜாக்கிரதை. ஒரு வருஷ சொதப்பலுக்கும் நாலஞ்சு வருஷ சரிவுக்கும் காரணம் வேற வேற. ஏசிசி கோச்சுங்கள்ல 2021-ல நார்த் கரோலினாவோட ராய் வில்லியம்ஸ் போனாரு, 2022-ல டியூக்கோட கோச் கே, 2023-ல சிரக்யூஸோட பேஹைம், 2024 அக்டோபர்ல சீசன் தொடங்க மூணு வாரம் இருக்கும்போது வர்ஜீனியாவோட டோனி பென்னட், அதே வருஷம் டிசம்பர்ல பாதி சீசன்ல மயாமியோட லரனேகா. நாலு வருஷத்துல ஒரு தலைமுறையே காலி. சும்மா போகல, இப்ப ப்ளேயருக்கு காசு குடுத்து வருஷா வருஷம் டீம் கட்டணும், அந்த வேலை வேணாம்னு சில பேர் வெளிப்படையாவே சொல்லிட்டு போனாங்க. அந்த காசு அமெரிக்கன் ஃபுட்பால் டிவி பணம் ஜாஸ்தி வர்ற எஸ்இசி, பிக் டென்ல தான் கொட்டுது. வீக்கா இருந்தா அதுக்கும் நஷ்டம் உண்டு, மார்ச் டோர்னமென்ட்ல கான்ஃபரன்ஸோட டீம் ஆடற ஒவ்வொரு மேட்சுக்கும், ஃபைனல் தவிர, ஒரு 'யூனிட்', ஒரு யூனிட் ஆறு வருஷத்துல சுமார் 20 லட்சம் டாலர். 14 டீம் அனுப்பறவனுக்கும் 4 டீம் அனுப்பறவனுக்கும் வித்தியாசத்தை நீங்களே போட்டுக்கங்க.

கடைசியா, பேசற விதம். கப்பு கணக்கை கொண்டு வந்தா உடனே வெட்டுங்க, பிக் டென் டீம் ஒன்னும் 2000-ல மிச்சிகன் ஸ்டேட் ஜெயிச்சதுக்கு அப்புறம் 2025 வரைக்கும் கப்பு அடிக்கல, ஆனா நடுவுல எட்டு தடவை ஃபைனல் வந்திருக்கு, 25 வருஷமும் அந்த லீக் வீக்குனு எந்த கிறுக்கனும் சொல்ல மாட்டான். ஒத்துக்க வேண்டியதை ஒத்துக்கங்க, "டியூக் நல்ல டீம் தான், ஒத்துக்கறேன், இப்ப பத்தாவது டீமை பத்தி பேசலாமா"னு கேட்டா எதிராளிக்கு ஓடறதுக்கு எடமே இருக்காது. பழைய ஆளுங்க கிட்ட பேசும்போது சத்தத்தை கொறைங்க, அவங்க இந்த டீமுங்களை சின்ன வயசுல அப்பா கூட உக்காந்து பாத்தவங்க, அவங்களுக்கு இது கணக்கு இல்ல.

அப்புறம் நவம்பர் மொத வாரம் சீசன் தொடங்கும்போதே உங்க கான்ஃபரன்ஸ்ல நடுவுல வரும்னு தோணற மூணு டீமை எழுதி வைங்க, போன்லயே போதும். டிசம்பர் 31 வரைக்கும் அந்த மூணும் வெளில யார் கிட்ட எங்க ஆடிச்சு, எவ்ளோ வித்தியாசம், அவ்ளோ தான் குறிக்கணும். எங்க பேன்ட்ரில இப்ப மூணு பேர் இதை பண்றோம், ஃபிரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. டியூக்கை கண்டாலே ஆகாத ஒரு நார்த் கரோலினா ரசிகர் மட்டும் தினம் வந்து அதுல டியூக் பேரை அடிச்சுட்டு போறாரு, டியூக் அந்த மூணுல இல்லவே இல்லனு சொன்னாலும் கேக்கறதில்ல, தானே எழுதி தானே அடிக்கறாரு.